வராதவனின் சீட்டு

கொட்டாஞ்சேனை, கொழும்பு
11 பிப்ரவரி 1951

அக்கா,

ஒரு வேலை இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் பயம் குறையும் என்று ஒரு நினைப்பு.

இங்கே இருக்கும் இந்தியாக்காரர்கள் ஆகஸ்டு ஐந்தாம் தேதிக்குள் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும். மணமானவன் என்றால் முப்பத்தொன்பதாம் ஆண்டு தொடங்கி இன்றுவரை இந்தத் தீவில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். நடுவில் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் மனு செல்லாது. என் மனு செல்லாமல் போனால் மனைவி ஞானமும் பிள்ளை எமிலியும் என்னோடு சேர்ந்து வெளியே. ஞானம் கண்டியில் பிறந்தவள். கடலைப் பார்த்திருக்கிறாள். தாண்டியதில்லை.

மனுவுக்கான தமிழ் விளக்கப் புத்தகத்தை எங்கள் அச்சகத்தில்தான் அடித்தோம். எழுத்துக் கோத்தவன் நான். 'இடைவிடாத வாசம்' பதினேழு இடத்தில் வருகிறது. கோக்கும்போது எழுத்து தலைகீழாக இருக்கும். அப்போது அது யாருக்கோ உள்ள சட்டம். காகிதத்தில் நேராக நின்ற பிறகுதான் என்னைப் பார்த்தது.

முப்பத்தேழில் நான் வந்தது உனக்குத் தெரியும். தூத்துக்குடியில் டிக்கெட் வாங்கினேன், கப்பலில் ஏறினேன். ஒரு வைத்தியச் சீட்டு கொடுத்தார்கள். இறங்கியதும் அதையும் வாங்கிக்கொண்டார்கள். ஆரல்வாய்மொழிச் சாவடியில் திருவிதாங்கூரை விட்டு வெளியேறும்போதுதான் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், புகையிலை இருக்கிறதா என்று. கடலில் ஒரு கேள்வியும் இல்லை. அதனால் என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. யாரும் ஒன்றும் கேட்காத காலத்துக்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது.

போன வருஷம் ஜனவரியில் காமன்வெல்த் மந்திரிமார் இங்கே கூடினார்கள். இந்தியக் கொடியும் சிங்கக் கொடியும் ஒரே கயிற்றில். அண்டை நாடுகள், ஒரே குடும்பம் என்று பேச்சு. அதே வாரம் பக்கத்து வீட்டுக் குமாரதாஸ், தாய் செத்து நம் குலசேகரத்துக்குப் போனவர், திரும்பும் வழியில், காகிதம் இல்லை என்று, மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டார். இன்னும் வரவில்லை. அவர் சட்டை எங்கள் கொடியில் காய்கிறது. ஞானம் அதைத் துவைத்துத் துவைத்துப் போடுகிறாள்.

எனக்கு வேண்டியது நம் சபைப் போதகரின் ஒரு கடிதம். இன்னார் இந்த ஆண்டில் சபையை விட்டு இலங்கை போனார், பிறகு இங்கே குடியிருக்கவில்லை. அவ்வளவுதான். ஒட்டிய உறையில் நேராகக் குடியுரிமைக் கந்தோருக்குப் போக வேண்டும். (இங்கே ஆபீஸைக் கந்தோர் என்பார்கள்.) முகவரி பின்பக்கம்.

தம்பி
ரசலையன்


இலுப்பவிளை, மார்த்தாண்டம் வழி
2 மார்ச் 1951

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்து வாசித்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். இந்தியாவும் இலங்கையும், நடுவில் கடலுக்கு நீலம். பகவதி என்று ஒருத்தி, கேள்விக்குப் பிறந்தவள், "டீச்சர், நாட்டுக்கு எல்லை சிவப்புன்னு சொன்னிய. கடலுக்க மேல எப்பிடிப் போட?" என்று கேட்டாள். புள்ளி புள்ளியாகப் போடச் சொன்னேன்.

போதகரைப் பார்த்தேன். நேசையன் போதகர், இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. உன்னைத் தெரியாது, அப்பாவையும் தெரியாது. சின்ன வயது. எதையும் இரண்டு முறை கூட்டிப் பார்க்கிறவர். நீ புறப்பட்ட வருஷத்தை மட்டும் எழுதினால் போதும் என்று சொன்னேன்.

"அப்பிடி முடியாது டீச்சர். சர்க்கார் காகிதம். புத்தகத்தில அந்த ஆளப்பத்தி உள்ளது மொத்தமும் எழுதுவேன். பாதி எழுதினா பாதிப் பொய்."

ஈஸ்டர் கழியட்டும் என்றார். நான் சரி என்று வந்துவிட்டேன்.

தம்பி, வேறு சான்று கிடைக்காதா? அச்சகத்தில் வருகைப் பதிவு இருக்குமே. வாடகை ரசீது. எமிலியின் ஞானஸ்நானம் அங்கேதானே நடந்தது. ஒரு கிராமத்துச் சபைப் புத்தகத்தை அந்தத் துரைமார் எவ்வளவு மதிப்பார்கள் என்று தெரியவில்லை. பழைய புத்தகம். பல கைகள் எழுதியது.

யோசித்து எழுது. அவசரமில்லை என்றால் நான் போதகரிடம் நிறுத்தி வைக்கச் சொல்கிறேன்.

ஜெபகுமாரி


கொழும்பு
19 ஏப்ரல் 1951

அக்கா,

அவசரமில்லை என்றால் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு முறை வாசித்தேன்.

பழைய அச்சகம் போரில் கண்டிக்கு மாறியது, திரும்பி வந்தது, பிறகு விற்கப்பட்டது. பதிவுப் புத்தகம் கறையானுக்குப் போயிற்று. நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்காரர் கேள்வி கேட்டாலே கதவைச் சாத்துகிறார். முப்பத்தொன்பதிலிருந்து நான் இருந்ததற்கு என் உடம்புதான் சாட்சி. உடம்பை இணைப்பாக வைக்க முடியாது.

என்ன தயக்கம்? அப்பாவின் கோபம் இன்னும் வீட்டில் இருக்கிறதா? தேயிலைத் தோட்டத்துப் பெண்ணைக் கட்டினேன் என்று அவர் கை கழுவினார். செத்தும் போனார். உனக்குமா?

போதகரை எழுதச் சொல். எல்லாவற்றையும் எழுதட்டும். மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது.

ரசலையன்


இலுப்பவிளை
6 ஜூன் 1951

தம்பிக்கு,

போதகர் கடிதம் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை. ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். அரக்கு வைத்தார். எனக்குக் காட்டவில்லை. கேட்கும் தைரியமும் எனக்கில்லை.

தபால்காரர் பையில் போடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கையை நீட்டித் திரும்ப வாங்கியிருக்கலாம். அப்படி ஒரு நேரம் இருந்தது. கடந்துவிட்டது.

உனக்கு ஒன்று எழுத வேண்டும். இப்போது அல்ல. ஒருவேளை எழுதவே வேண்டியிராது.

ஜெபகுமாரி


கொழும்பு
20 செப்டம்பர் 1953

அக்கா,

இரண்டு வருஷத்துக்குப் பிறகு விசாரணைக்கு அழைத்தார்கள். போன வியாழன். நான், ஞானம், எமிலி. நல்ல உடுப்பு. எமிலிக்கு ரிப்பன்.

அதிகாரி வயதானவர். கோபமே இல்லை. அதுதான் பயம். ஆங்கிலத்தில் கேட்பார், பக்கத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தமிழில் சொல்வார். முதல் அரைமணி நல்லபடி போயிற்று. பிறகு ஒரு உறையை எடுத்தார். நம் போதகரின் அரக்கு.

"துரை கேக்கிறார், நாப்பத்திமூண்டாம் ஆண்டு பெப்ரவரியில நீர் எங்க இருந்தனீர் எண்டு."

"கண்டியில். அச்சகத்தில்."

"உம்மட சபைக் குருவானவர் அப்பிடிச் சொல்லேல்லை. நாப்பத்திரெண்டு மே துவக்கம் நாப்பத்திமூண்டு டிசெம்பர் மட்டும், மாசம் தவறாமல் திருவிருந்துக்கு அங்க வந்திருக்கிறீராம். இருபது மாசம்."

நான் சிரித்துவிட்டேன். பயத்தில் வந்த சிரிப்பு. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அதிகாரி எமிலியின் பிறப்புப் பத்திரத்தை எடுத்து அந்தக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். நாற்பத்திமூன்று நவம்பர். விரலால் பின்னோக்கி மாதங்களை எண்ணினார். மெதுவாக ஏதோ சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர் மொழிபெயர்க்கவில்லை. தலை குனிந்துகொண்டார்.

ஞானத்துக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் விரல்களைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு ஊரில ஒரே நேரத்தில இருக்க ஒங்களுக்குத்தான் முடியும். தெரிஞ்சிருந்தா ரெண்டு சம்பளம் வாங்கியிருக்கலாம்." பிறகு அழுதாள்.

பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் செல்லாது. இருபது மாதம் நான் வெளியே. எழுத்தில்.

என் இடத்தில் உட்கார்ந்தது யார்? போதகர் பொய் எழுதமாட்டார் என்று நீதான் சொன்னாய். அப்படியென்றால் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் எப்படி வந்தது? நீ தயங்கினாய். முதலிலிருந்தே தயங்கினாய்.

எனக்குத் தெரிய வேண்டும்.

ரசலையன்


இலுப்பவிளை
4 அக்டோபர் 1953

தம்பிக்கு,

நான்தான்.

இதை எழுதிவிட்டு நேற்று முழுக்கக் காகிதத்தை மூடி வைத்தேன். இன்று தொடர்கிறேன்.

நம் சபையில் பந்திச் சீட்டு எப்படி என்பது உனக்கு மறந்திருக்கும். வருஷத் தொடக்கத்தில் ஆளுக்குப் பன்னிரண்டு சீட்டு, வீட்டுத் தலைவர் கையில் கொடுப்பார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். உன் எண் நூற்றுப்பதினாலு. மாதம் ஒருமுறை, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து ஞாயிறன்று, வாசலில் உள்ள தகரப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். திங்கட்கிழமை எண்ணைப் பார்த்துப் புத்தகத்தில் கோடு போடுவார்கள். யார் போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆறு மாதம் கோடு விழாத பெயரை வெட்டிவிடுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் விட்டுவிடுவார்கள். நீ எழுதிக்கொண்டிருந்தாய்.

நாற்பத்தொன்றில் உன் கல்யாணம். அப்பாவின் அந்தக் கடிதம். பிறகு நீ நிறுத்திவிட்டாய். நாற்பத்திரண்டு ஈஸ்டர் ஞாயிறு கொழும்பில் குண்டு விழுந்தது. கோயிலில் செய்தி வந்தபோது ஆராதனை முடியவில்லை. அப்பா எழுந்து போகவில்லை. பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஏப்ரல் கடைசியில் கமிட்டி நம் வீட்டில் கூடியது. பொன்னுலிங்கம் டீக்கன் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தார். "நூத்திப்பதினாலு. கடிதாசியும் இல்ல, ஆளும் இல்ல. குண்டு விழுந்த ஊரு. வெட்டிருவமா? அங்க மேல சேத்திருப்பாவ."

இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா சொன்னார்: "வழக்கப்படி செய்யுங்க."

நான் காப்பித் தட்டோடு நின்றேன். வெட்டுவது என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு. செத்தவர்களுக்கும் அதே கோடு. அதே மை. நீ செத்திருந்தால் அவர்கள் செய்வது சரி. செத்திருக்கவில்லை என்றால், கோடு விழுந்ததும் செத்துவிடுவாய் என்று தோன்றியது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது, இன்டர்மீடியட் படித்தவள். அப்படியும் தோன்றியது.

ஆறு மாதக் கணக்கு ஜூனில்தான் முடியும், அதற்குள் கோடு விழுந்தால் வெட்டமாட்டார்கள். உன் சீட்டுகளை அப்பா கிழிக்கவில்லை. அலமாரியில் வைத்திருந்தார். மே முதல் ஞாயிறு நான் இரண்டு சீட்டுப் போட்டேன். தகரத்தில் இரண்டு சத்தம் கேட்குமோ என்று சேர்த்துப் பிடித்துப் போட்டேன். அப்பத்தை ஒருமுறைதான் எடுத்தேன். அடுத்த மாதமும். கோடு விழுந்ததால் மறு வருஷமும் உனக்குச் சீட்டு வந்தது. நாற்பத்திநாலு ஜனவரியில் எமிலி பிறந்த செய்தியோடு உன் கடிதம் வந்தது. அன்றோடு நிறுத்தினேன்.

இருபது மாதம் நீ ஒரு வரி எழுதவில்லை. அதை நான் இப்போதுதான் சொல்கிறேன். சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

ஐம்பத்தொன்றில் போதகரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சபை விலக்கு. சபை விலக்கு என்றால் மிஷன் பள்ளியில் வேலை இருக்காது. எனக்கு வேறு வீடோ பிள்ளையோ இல்லை. இருபது கோட்டை யார் கண்டு எழுதப்போகிறார்கள் என்று நினைத்தேன். என் பயத்துக்கு உன்னைக் கொடுத்துவிட்டேன்.

ஜெபகுமாரி


கொழும்பு
17 அக்டோபர் 1953

அக்கா,

ஞானத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்காக அல்ல, எனக்காக. தனியாக வாசிக்க முடியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே எமிலிக்குத் தலை பின்னினாள். பின்னியதை அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள்.

நான் எழுதாதது கோபத்தால். கண்டியில் உயிரோடு, வேளைக்குச் சோறு தின்றுகொண்டு, உங்களைத் தண்டித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி ஜனவரி பதினைந்து வரை தவணை கொடுத்திருக்கிறார். போதகர் முதல் கடிதத்தைத் திருத்தி இன்னொன்று எழுதினால் பார்ப்பாராம்.

போதகரிடம் சொல். உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே கேட்கிறேன். தெரியாதவன்போல் எழுத இரண்டு காகிதம் வீணாக்கினேன்.

ரசலையன்


கொழும்பு
27 அக்டோபர் 1953

அக்கா,

போன கடிதத்தில் எழுதியதைச் செய்யாதே.

பத்து நாளாகத் தூக்கமில்லை. உன் சம்பளத்தை எடுத்து என் காகிதத்தை வாங்குகிறேன். வேறு வழி தேடுகிறேன். கண்டியில் என்னோடு வேலை செய்த ஃபோர்மன் ஒருவர் இருக்கிறார், பறங்கியர். அவர் வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

சொல்லியிருக்காவிட்டால், சொல்லாதே.

ரசலையன்


இலுப்பவிளை
3 நவம்பர் 1953

தம்பிக்கு,

உன் இரண்டாவது கடிதம் நேற்று வந்தது. ஞாயிறு முடிந்துவிட்டது.

போதகரிடம் வெள்ளிக்கிழமையே சொன்னேன். அவர் புத்தகத்தை எடுத்து இருபது கோடுகளையும் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, "புத்தகத்தத் திருத்த எனக்குத் தனியா அதிகாரமில்ல டீச்சர். சபை முன்னால சொல்லணும்" என்றார். கோபம் இல்லை. ஒரு தப்புக் கணக்கு சரியானதில் அவருக்கு நிம்மதிகூட.

திருவிருந்துக்கு முன் எழுந்தேன். பின்வரிசைத் தங்கம்மை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, இரி. என்னத்துக்கு இப்பம் எழும்புத?" அவளுக்கு நான் மயங்கி விழப்போகிறேன் என்று பயம். சொல்லி முடித்தபோது பிடித்த பிடியை விடவில்லை. பிறகு விட்டாள்.

ஐந்தாறு வாக்கியம்தான். மனப்பாடம் செய்து போயிருந்தேன். குரல் வகுப்பில் பாடம் சொல்வதுபோல இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

பொன்னுலிங்கம் டீக்கன், இப்போது கண் சரியாகத் தெரியாது, முன்வரிசையிலிருந்து கேட்டார்: "அப்பம் நாங்க எண்ணினது எல்லாம் ஆளா, சீட்டா?" ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு வருஷம் திருவிருந்தில்லை. பள்ளி மேனேஜர் டிசம்பரோடு நின்றுகொள்ளச் சொன்னார். சொல்லும்போது சன்னலைப் பார்த்தார். ஆறாம் வகுப்புக்கு யார் வருவார் என்று தெரியவில்லை.

போதகர் கடிதம் எழுதிவிட்டார். இம்முறை வாசிக்கக் கொடுத்தார். நல்ல கடிதம், ஒன்றும் விடவில்லை. உன் இருபது கோடுகளையும் அடித்துக் கையெழுத்திட்டார். பிறகு பேனாவை மாற்றினார். கோடுகள் போனால் ஆறு மாதக் கணக்கு நாற்பத்திரண்டிலேயே முடிந்துவிடுகிறது. உன் பெயரில் சிவப்பு மை. விதி அதுதான்.

ஞாயிறோடு பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. இடம் மாறியிருக்கிறது. இப்போது ஜனவரி பதினைந்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஜெபகுமாரி


14 பிப்ரவரி 1954

அக்கா,

ஊர்ப் பெயர் எழுதவில்லை. காரணம் கீழே.

மனுத் தள்ளுபடி.

ஃபோர்மன் வந்தார். நாற்பத்திரண்டில் கண்டியில் என்னைப் பார்த்ததாகச் சொன்னார். எந்த மாதம் என்று கேட்டார்கள். அவருக்கு வயது எழுபது. மழைக்காலம் என்றார்.

போதகரின் இரண்டாவது கடிதத்தை அதிகாரி முழுவதும் வாசித்தார். யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முதலாவது கடிதம் வரேக்க ஒருத்தருக்கும் ஒரு நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. ரெண்டாவது, ஒரு சகோதரி கேட்டு வந்தது. துரை முதலாவதைத்தான் நம்புறாராம்." அதிகாரி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சேர்த்தார். அதைத் தமிழில் சொல்லும்போது யாழ்ப்பாணத்துக்காரர் குரல் இறங்கிற்று. "உம்மட அக்கா நல்ல மனுசி எண்டு சொல்றார். நல்ல சனந்தானாம் சகோதரங்களுக்காகப் பொய் சொல்றது."

நீ எழுந்து நின்றதுதான் பொய்யாயிற்று. பெட்டியில் போட்டது உண்மையாயிற்று.

அப்பீல் உண்டு. மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். வக்கீல் ஒருவர் எடுத்திருக்கிறார். அவர் முதலில் கேட்டது: "இந்தியாவோட என்ன தொடர்பு? வருஷத்தில் எத்தனை கடிதம்?" நான் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்தார். இனி ஒன்றும் வரக்கூடாது, போகக்கூடாது என்றார். இந்தியத் தபால்தலை ஒட்டிய உறை ஒவ்வொன்றும், இவன் மனம் அங்கே இருக்கிறது என்பதற்கு அவர்கள் கையில் ஒரு சாட்சி. எங்கள் தெருவில் கந்தோர் ஆட்கள் இருவர் வீடு வீடாக வந்து விசாரித்துப் போயிருக்கிறார்கள். தபால்காரரிடமும்.

உன் கடிதங்களை ஃபோர்மன் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஞானம் ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. எதை என்று நான் கேட்கவில்லை.

எமிலிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பள்ளியில் யாராவது கேட்டால், இந்தியாவில் யாரும் இல்லை. நேற்று ஒத்திகை பார்த்தோம். "அத்தை?" என்று ஞானம் கேட்டாள். "எனக்கு அத்தை இல்லை" என்று உடனே சொன்னாள். நன்றாகச் சொன்னாள். ஞானம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இதைத் தூத்துக்குடிக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அங்கே தபாலில் போடுவார். அவருக்குத் திரும்பி வரக் காகிதம் இருக்கிறது. சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்.

அப்பீல் முடிய ஒரு வருஷம் ஆகலாம். மூன்றும் ஆகலாம். அதுவரை என்னிடமிருந்து ஒன்றும் வராது. முன்பு நான் எழுதாதது கோபத்தால். இது அப்படி அல்ல. ஆனால் உன் வாசலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும்.

குண்டு விழுந்தது, கலவரம் என்று எதைக் கேட்டாலும், இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். அதற்கு யாரிடமும் போய்ச் சான்று கேட்காதே.

இந்தக் கடிதம் கிடைத்தது என்றும் எழுதாதே.

ர.